வைரவர் வாகனத்துக்கு எதைக் கடிக்கக் கொடுப்பது?

காய்ந்த எலும்பைக் கடிக்கும் நாய், தன் முரசு கிழிந்து வடியும் இரத்தத்தையே எலும்பின் சுவை என்று நம்பிச் சப்பிக்கொண்டிருக்கும் கதையைக் கோயில் பிரசங்கத்தில் கேளாதவர் குறைவு. சிற்றின்பத்தில் கிடந்து உழலும் மனிதனுக்காகச் சொன்ன உவமை அது. கேட்டுவிட்டு நாங்கள் மனிதனைப் பற்றி யோசித்தோமா தெரியாது. நாயைப் பற்றி நிச்சயமாக யோசிக்கவில்லை. பிரசங்கி சொன்னதில் மிகை ஒன்றும் இல்லை. காய்ந்த எலும்பு முரசைக் கிழிக்கும், பல்லை உடைக்கும், சில வேளை குடலையும் ஓட்டையாக்கும்.

அரியாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னக்கடையில் வாங்கிய ஆட்டிறைச்சி கறியாகி, சாப்பாடு முடிந்து, கோப்பைகள் கழுவப் போகும் நேரம். கோடிப்பக்கப் படியில் நாய் காத்திருக்கிறது. கோப்பைகளில் மிஞ்சிய எலும்பெல்லாம் ஒன்றாக வழிக்கப்பட்டு, ஒரு பிடி சோற்றோடு அதன் சட்டிக்குள் விழுகிறது. "கொஞ்ச நேரம் கடிச்சுக்கொண்டு கிடக்கட்டும், கரைச்சல் இராது" என்கிறார் வீட்டுக்கார அம்மா. அவர் சொல்வதில் ஒரு பாதி முழுக்கச் சரி. நாய்க்குக் கடிக்க ஏதாவது வேண்டும். மற்றப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

யாழ்ப்பாணம் நகரில் இருந்து கண்டி வீதியில் கிழக்கே போனால், செம்மணி வெளிக்கு முன்னால் வருகிறது அரியாலை. வயலும் தோட்டமும் கடனீரேரிக் கரையும் உள்ள ஊர். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்க, பெற்றோர் இருவரும் ஒரு நாயுமாகக் காவல் காக்கும் வீடுகள் இங்கே ஒழுங்கைக்கு ஒழுங்கை உண்டு. முன்பு வேலி கிடுகு வேலி. நாய் பொட்டுக்குள்ளால் புகுந்து ஊரைச் சுற்றிவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு வரும். இப்போது மதில், இரும்புப் படலை, சங்கிலி. ஊர் நாய் நின்ற இடத்தில் அல்சேசனும் ரொட்வைலரும் நிற்கின்றன. ஓடித் திரிந்து செலவழிக்க வேண்டிய உசாரை அவை செருப்பிலும், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயிலும், மோட்டார் வயரிலும் காட்டுகின்றன. தொலைபேசியில் இந்த முறைப்பாட்டைக் கேட்ட பிள்ளை அடுத்த பொதியில் சொக்கிலேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில் நாய்க்கும் நாலு பக்கற் வைத்து அனுப்புகிறது. "இதைக் குடுங்கோ அம்மா, மணித்தியாலக் கணக்கா கடிக்கும்."

மணித்தியாலக் கணக்காகக் கடிக்கக்கூடிய பொருள், ஆபத்தும் இல்லாத பொருள். இந்த இரண்டையும் ஒரே பொருளில் தேடுவதுதான் சிக்கலின் அடி. அவை ஒன்றையொன்று எதிர்த்து இழுப்பவை. நீண்ட நேரம் தேயாமல் நிற்கும் பொருள் பல்லைவிடக் கடினமாக இருக்கும், பல் உடையும். பல் உடையாத அளவுக்கு மெதுவான பொருள் சீக்கிரம் துண்டாகும். துண்டு தொண்டைக்குள் போகும். கடை விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை. நேரத்தைப் பொருளின் கடினத்தில் தேடாமல், கொடுக்கும் முறையில் தேட வேண்டும் என்பதே எனக்குப் பட்ட முடிவு. அதற்கு முதலில் நாயின் வாயைத் திறந்து பார்க்க வேண்டும்.

கத்தரிக்கோல் பல்

வளர்ந்த நாய்க்கு 42 பல். குட்டிக்குப் பால்பல் 28. நாலாம் மாதம் தொடங்கி ஆறேழு மாதத்துக்குள் அவை விழுந்து புதுப்பல் முளைக்கும். அந்த மாதங்களில்தான் கதிரைக் கால் தேய்கிறது. குட்டியை அடித்துப் பயன் இல்லை, அதற்கு முரசு நமைக்கிறது.

நாய் கடிக்கும்போது தலையை ஒரு பக்கம் சரித்து, கடைவாயில் வைத்து நெரிப்பதைக் கவனித்திருப்பீர்கள். மேல் தாடையின் நாலாவது முன்கடைவாய்ப் பல்லும் கீழ்த் தாடையின் முதலாவது கடைவாய்ப் பல்லும் அங்கே கத்தரிக்கோல் போல ஒன்றையொன்று உரசி வெட்டும். இறைச்சி அறுக்க உண்டான அமைப்பு. கல்லைப் போன்ற பொருள் அந்தக் கத்தரிக்கு நடுவே அகப்பட்டால், மேல்பல்லின் வெளிப்பக்கம் ஒரு சில்லாகப் பெயர்ந்து வரும். நாயின் பல்மிளிரி மனிதருடையதைவிட மெல்லியது. பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீற்றர்கூட இராது.

சில்லுப் போன பல் வெளியே பெரிதாகத் தெரியாது. நாய் அழுவதும் இல்லை, சாப்பாட்டையும் விடாது. மற்றப் பக்கத்தால் கடிக்கத் தொடங்கும், அவ்வளவுதான். மாதங்கள் கழித்துக் கண்ணுக்குக் கீழே ஒரு வீக்கம் வரும். குளவி குத்தியது என்று வீட்டில் மஞ்சள் பூசுவார்கள். வீக்கம் உடைந்து சீழ் வடியும், ஆறும், திரும்ப வரும். பல்லின் வேரில் இருந்து வரும் சீழ் அது. உங்கள் நாய்க்கு ஒரு கண்ணின் கீழ் மட்டும் இப்படி வந்து வந்து போகிறதென்றால், வைத்தியரிடம் கண்ணைக் காட்டாமல் வாயைக் காட்டுங்கள்.

கடினத்தை அறிய மிருகப் பல்வைத்தியர்கள் சொல்லும் சோதனை இலேசானது. பெருவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். சிறிதாவது பதிய வேண்டும். பதியாவிட்டால் கொடுக்க வேண்டாம். இன்னொன்றும் உண்டு: அந்தப் பொருளால் உங்கள் முழங்கால் சில்லில் தட்டினால் நோகுமா என்று யோசியுங்கள். நோகும் என்றால் நாயின் பல்லுக்கும் அது கூடாது.

கறிச்சட்டி எலும்பு

பச்சை எலும்பில் ஈரமும் கொலாஜன் என்ற புரதமும் இருப்பதால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அவித்ததும் அந்த இசைவு போய்விடும். கடித்தால் ஊசி ஊசியாகச் சிம்பு பறக்கும். கோழி எலும்பு, அதுவும் புரொய்லர் கோழியின் தொடை எலும்பு, இதில் மிக மோசம். ஆட்டின் விலா எலும்பு அண்ணத்துக்குக் குறுக்கே, இரண்டு கடைவாய்ப் பற்களுக்கு நடுவே கம்பி போட்டதுபோல இறுகிவிடும். நடுவில் ஓட்டையுள்ள கால் எலும்பு வட்டங்கள் இன்னொரு விதம். உள்ளே இருப்பதை நக்கப் போய், வட்டம் கீழ்த் தாடையின் வேட்டைப்பற்களைத் தாண்டி வளையல்போல இறங்கிவிடும். திரும்பக் கழராது. நாயை மயக்கி, எலும்பை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

தப்பி வயிற்றுக்குள் போன எலும்பு அரைபட்டாலும் தொல்லைதான். சுண்ணாம்புபோல இறுகிய மலம் வெளியேற முடியாமல் நாய் முக்கி முக்கி இரத்தம் போகும். மீன் முள்ளுக்கும் நண்டுக் கோதுக்கும் இதே எச்சரிக்கை.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010இலேயே "நாய்க்கு எலும்பு வேண்டாம்" என்று பொதுமக்களுக்கு அறிவுறுத்தியது. கடையில் பொதி செய்து விற்கும் புகையூட்டிய, சூளையில் வாட்டிய எலும்புகளும் விலக்கல்ல. 2010 நவம்பர் முதல் 2017 செப்டெம்பர் வரை அவை பற்றி அந்த நிர்வாகத்துக்கு 68 அளவிலான முறைப்பாடுகள் வந்தன. சம்பந்தப்பட்ட நாய்கள் ஏறக்குறைய 90, இறந்தவை 15.

எங்கள் கறிச்சட்டியில் இன்னொரு சாமானும் உண்டு. யாழ்ப்பாணத்துச் சின்ன வெங்காயம். வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கலங்களை உடைக்கும். அவித்தாலும் பொரித்தாலும் அந்தக் குணம் போகாது. உடல் நிறையில் கிலோ ஒன்றுக்கு 15 கிராம் வெங்காயம் போனாலே இரத்தத்தில் மாற்றம் தெரியத் தொடங்கும் என்கிறது மிருக வைத்தியம். பத்துக் கிலோ ஊர் நாய்க்கு அது 150 கிராம். ஒரு எலும்பில் ஒட்டிய குழம்பில் அவ்வளவு இராது என்பது உண்மை. ஒவ்வொரு நாளும் குழம்புச் சோறு தின்னும் நாயின் கணக்கு வேறு. வைரவர் மடை முடிந்து வெங்காயம் போட்ட வடையை அவர் வாகனமான நாய்க்கும் பங்கு வைக்கும் பக்தர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

"அப்ப பச்சை எலும்பு குடுக்கலாமோ?" இந்தக் கேள்விக்கு மிருக வைத்தியர்களே இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். பச்சை எலும்பு பல்லைச் சுத்தமாக்கும் என்பதில் பொய் இல்லை. பிரேசிலில் எட்டு பீகிள் நாய்களை வைத்துச் செய்த ஆய்வொன்று 2016இல் வெளியானது. மாட்டின் பச்சை எலும்பைக் கடித்த 20 நாட்களில், பல்லில் படிந்திருந்த காரை, மெதுவான முனை எலும்பு கடித்தவற்றில் 88 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. அந்த 20 நாளில் பல்லும் உடையவில்லை. ஆனால் வாழ்நாள் முழுக்க எலும்பு கடிக்கும் மிருகத்தின் வாய் எப்படி இருக்கும்? ஆபிரிக்கக் காட்டுநாய்களின் 29 மண்டையோடுகளைப் பரிசோதித்து 1999இல் எழுதிய அறிக்கையில் பதில் இருக்கிறது. 83 சதவீதத்தில் பல் தேய்ந்திருந்தது. 48 சதவீதத்தில் பல் உடைந்திருந்தது. 41 சதவீதத்தில் முரசு நோயின் அடையாளமும் இருந்தது. "காட்டில் அதுகள் எலும்புதானே தின்னுது" என்பவர்களுக்கு இதைவிட வேறு மறுமொழி வேண்டாம்.

பச்சை எலும்பில் சல்மொனெல்லா போன்ற கிருமிகளும் வரும். எங்கள் வெக்கையில் விறாந்தையில் கிடக்கும் பச்சை எலும்பு மத்தியானத்துக்குள் இலையான் கூடாகிவிடும். தவழும் பேரப்பிள்ளை உள்ள வீட்டில் அது அறவே வேண்டாம்.

பொதியில் வந்தவை

வெளிநாட்டுப் பக்கற்றுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

முடிச்சுப் போட்ட வெள்ளை எலும்புபோல வருவது மாட்டுத்தோல். தோல் பதனிடும் தொழிலில் பிரித்தெடுக்கும் உள்ளடுக்கு அது. மயிர் நீக்கச் சுண்ணாம்பு, சோடியம் சல்பைட்டு, வெளுக்க ஐதரசன் பேரொட்சைட்டு என்று பல தொட்டிகளைத் தாண்டி வருகிறது. கழுவித்தான் விற்கிறார்கள். ஆனால் ஊறி மெதுவான தோலை நாய் முறித்து விழுங்கினால், துண்டு வயிற்றில் மேலும் ஊதிக் குடலை அடைக்கும். அவசரக்கார நாய் உள்ள வீட்டில் இதற்கு இடமே இல்லை.

புல்லி ஸ்ரிக் என்று மண்ணிறக் குச்சி ஒன்று வருகிறது. நாய்கள் அதற்கு உயிரை விடும். அரியாலையில் வெள்ளிக்கிழமையில் மச்சம் சமைக்காத வீடுகளும், வருசம் முழுக்கச் சைவமான வீடுகளும் நிறைய. அப்படிப்பட்ட வீட்டுச் சாமியறைக்கு முன்னால் நாய் சப்பிக்கொண்டிருக்கும் அந்தக் குச்சி, காளை மாட்டின் உலர்த்திய ஆண்குறி. வாங்கி அனுப்பிய பிள்ளைக்கும் பெரும்பாலும் தெரிந்திராது. வெட்கப்பட ஒன்றும் இல்லை. 2013இல் வட அமெரிக்காவில் வெளியான ஆய்வில் அங்குள்ள பலருக்கே தெரிந்திருக்கவில்லை. அந்த ஆய்வில் 26 குச்சிகளைச் சோதித்தார்கள். ஏழில் ஈ. கோலை கிருமி இருந்தது. ஆறு அங்குலக் குச்சி ஒன்றில் சராசரி 88 கலோரி. பெரிய அல்சேசனுக்கு அது பொருட்டல்ல. மடியில் இருக்கும் பொமேரியனுக்கு ஒரு நாள் சாப்பாட்டில் கணிசமான பங்கு. கடிக்கும் தின்பண்டம் எதுவானாலும் நாளாந்தக் கலோரியில் பத்திலொன்றைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. மற்றபடி, பல்லுக்கு இது மாட்டுத்தோலைவிட நல்லது. கடைசி இரண்டு அங்குலத்தைப் பறித்துவிட வேண்டும், கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும்.

இமயமலைப் பாற்கட்டி எனக்குப் பிடித்த சாமான், கதைக்காக. நேபாளத்து மலைவாசிகள் யாக், பசுப் பாலைத் திரைத்து, பிழிந்து, மாதக்கணக்கில் காயவிட்டுச் செய்யும் சுர்பி அது. நாங்கள் புழுக்கொடியலைக் கொடுப்புக்குள் அடக்கிக்கொண்டு வேலை பார்ப்பதுபோல அவர்கள் சுர்பியோடு மலை ஏறுவார்கள். அமெரிக்காவில் குடியேறிய நேபாளிகள் அதை நாய்க்கு விற்கத் தொடங்கி, இன்று அது நேபாளத்தின் ஏற்றுமதிப் பண்டம். சைவ வீட்டுக்கும் ஒத்துப்போகும். ஒரு குறை: நகச் சோதனையில் தோற்கும். தண்ணீரில் நன்றாக ஊறவிட்டு விளிம்பு மெதுவான பிறகு கொடுத்தால் பல் தப்பும். எஞ்சும் கட்டையை மைக்ரோவேவில் ஒரு நிமிடத்துக்குள் வைத்தால் பொரிபோலப் பொங்கும். ஆறவிட்டுக் கொடுத்தால் தொண்டையில் சிக்காது.

மான்கொம்பு, மாட்டுக் குளம்பு, கல்லுப்போன்ற நைலோன் எலும்பு மூன்றும் பல்லுடைக்கும் சாமான்கள். மான்கொம்பைப் பற்றி இன்னொரு சொல்: புள்ளிமானும் மரையும் எங்கள் நாட்டில் பாதுகாக்கப்பட்ட விலங்குகள். காட்டோரத்தில் யாரோ கொடுத்தது என்று கொம்பு கொண்டுவந்து நாய்க்கு எறிகிறவர் சட்டத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

கோழி இறைச்சியை உலர்த்திப் பட்டியாக்கிய தின்பண்டத்தில் நாடு பார்த்து வாங்க வேண்டும். சீனாவில் இருந்து போன அவ்வகைப் பண்டங்களால் நாய்கள் சிறுநீரகம் கெட்டு விழுவதாக 2007 முதல் அமெரிக்காவில் முறைப்பாடுகள் குவிந்தன. 2015 முடிவில் 6,200க்கு மேற்பட்ட நாய்கள் கணக்கில் வந்தன. 1,140க்கு மேல் இறந்தவை. இத்தனை விசாரித்தும் எந்தப் பொருளால் வந்தது என்று திட்டமாகச் சொல்ல முடியவில்லை.

பக்கற்றில் ஒரு நல்ல அடையாளமும் தேடலாம். மிருகப் பற்சுகாதாரத்துக்கென 1997இல் அமெரிக்காவில் அமைத்த சபை ஒன்று, பல்லழுக்கையோ காரையையோ குறைப்பதாகச் சோதனையில் காட்டிய பண்டங்களுக்கு முத்திரை கொடுக்கிறது. பிள்ளைகள் வாங்கும்போது அந்த முத்திரை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

எங்கள் வளவுக்குள்

2022இல் டொலர் இல்லாமல் நாடு திணறியபோது இறக்குமதி நாய்ச் சாப்பாட்டின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. வளவுக்குள் என்ன இருக்கிறது என்று பலர் திரும்பிப் பார்த்த காலம் அது. பார்த்ததில் பாதி ஆபத்து.

தேங்காய்ச் சிரட்டையைத் துருவிய கையோடு நாய்க்குப் போடுவது ஊர்ப் பழக்கம். ஒட்டியிருக்கும் பூவை நக்கும் வரை சரி. பிறகு சிரட்டையைக் கடித்து உடைக்கும்; உடைந்த விளிம்பு கத்தி. பொச்சுமட்டையைக் கடித்துப் பிய்ப்பது நாய்க்கு நல்ல விளையாட்டு, தும்பை விழுங்காத வரைக்கும். விழுங்கினால் தும்பு குடலுக்குள் திரியாகத் திரண்டு நூல் இழுத்ததுபோலக் குடலைச் சுருக்கிவிடும். நாயின் பின்பக்கத்தால் தும்போ நூலோ தொங்கினால் பிடித்து இழுக்காதீர்கள். உள்ளே குடல் அறும். அப்படியே வைத்தியரிடம் கொண்டு போங்கள்.

தென்னையடியில் விழும் குரும்பட்டியைக் குட்டிகள் பந்தாக்குவதைப் பார்க்க ஆசையாக இருக்கும். வாய்க்குள் முழுதாக அடங்கும் அளவென்றால் எடுத்துவிடுங்கள். கடிக்கக் கொடுக்கும் எதற்கும் இதே விதிதான்: நாயின் வாய்க்குள் முழுதாக அடங்கக் கூடாது.

மாம்பழக் காலத்தில் கறுத்தக்கொழும்பான் கொட்டை. சப்பிய கொட்டையைச் சாம்பல் குவியலில் எறிகிறோம்; அதில் ஒட்டிய இனிப்புக்காக நாய் அப்படியே விழுங்குகிறது. வயிற்றுக்குள் போன மாங்கொட்டை கரையாது. சிறுகுடலின் வாசலில் போய் இறுகினால் சத்திரசிகிச்சைதான். சாப்பாட்டைத் தொடாமல், குடித்த தண்ணீரையும் திரும்பத் திரும்பச் சத்தி எடுக்கும் நாயை, "புல்லுத் திண்டா சரிவரும்" என்று இரண்டு நாள் வைத்திருப்பவர்கள்தான் நாயை இழக்கிறார்கள்.

பனைக்கு வருவோம். ஊமல் கல்லு, சந்தேகமே இல்லாமல் விலக்குங்கள். ஒடியலைக் கடிக்கக் கொடுத்தால் என்ன என்று கேட்பார்கள், விறைப்பாக நீண்ட நேரம் நிற்குமே. பச்சை ஒடியல் மாவை எலிகளுக்குக் கொடுத்துச் செய்த ஆய்வுகளில் நரம்பைத் தாக்கும் நச்சுக் குணம் கண்டிருக்கிறார்கள். நாங்களே மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, கயரை வடித்துத்தான் பிட்டும் கூழும் ஆக்குகிறோம். நாய்க்குப் பச்சை ஒடியல் வேண்டாம். பச்சை மரவள்ளியும் அப்படியே, அதில் சயனைட்டு இருக்கிறது. முந்திரிகைப் பந்தல் உள்ள வீட்டுக்காரர் கவனிக்க: முந்திரிகைப்பழமும் பாயாசத்துக்குப் போடும் பிளம்சும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கருவாட்டில் உப்பு.

மிஞ்சுவது வத்தாளங்கிழங்கு, கரட், பூசணிக்காய். வத்தாளங்கிழங்கை நான் சிபாரிசு செய்வேன். மண் போகக் கழுவி, தோலோடு நீளப்பாட்டில் விரல் மொத்தத்துக்குச் சீவி, ஐந்தாறு நிமிடம் ஆவியில் பிடித்து, சுளகில் பரப்பி மேலே ஒரு வலைத்துணியைப் போட்டு வெயிலில் வையுங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் இரண்டு மூன்று நாளில் தோல்போலச் சுருங்கும். வளைத்தால் வளைய வேண்டும். முறிந்தால் கூடக் காய்ந்துவிட்டது. தண்ணீரில் ஊறவிட்டுக் கொடுக்கலாம். மாரியில் இந்த வேலை வேண்டாம். ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சண நச்சு நாயின் ஈரலை வேகமாகத் தாக்கும். ஒரு துண்டு கால் மணித்தியாலம் தாங்கினால் பெரிது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதைவிட நீண்ட நேரம் வேண்டுமென்றால் அடுத்ததற்குப் போக வேண்டும்.

ஓட்டை உள்ள இறப்பர்

அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜோ மார்க்கம் என்பவரிடம் பிரிற்ஸ் என்ற அல்சேசன் இருந்தது. கல்லைக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்த நாய். மார்க்கம் தன் பழைய வொக்ஸ்வாகன் வாகனத்தைத் திருத்திக்கொண்டிருந்த நாளில், கழற்றிப் போட்ட இறப்பர்ப் பாகம் ஒன்றை பிரிற்ஸ் எடுத்துக் கடிக்கத் தொடங்கியது; கல்லை மறந்தது. அந்த உருவத்தில் பிறந்ததுதான் 1976இல் தொடங்கிய கொங் என்ற இறப்பர் பொம்மை. நடுவில் பொந்து, அழுத்தினால் பதியும் இறப்பர். அதற்குள் சாப்பாட்டை அடைத்து உறையவைத்தால், நாய் நக்கியும் உருட்டியும் கடித்தும் எடுத்து முடிக்க அரை மணித்தியாலம் தொடக்கம் ஒரு மணித்தியாலம் பிடிக்கும். பல்லும் உடையாது, விழுங்கவும் ஒன்றும் இல்லை. நேரத்தைப் பொருளில் தேடாமல் முறையில் தேடச் சொன்னது இதைத்தான்.

உள்ளே அடைக்க வெளிநாட்டுப் பசை எதுவும் தேவையில்லை. உப்பும் வெங்காயமும் போடாமல் அவித்த சோறு, பருப்பு, மசித்த பூசணிக்காய், கொஞ்சம் தயிர். மச்சம் சமைக்கும் வீடென்றால் முள்ளு நீக்கி அவித்த மீன். குழைத்து அமுக்கி அடைத்து இராத்திரி ஐஸ் பெட்டிக்குள் வைத்தால் காலையில் தயார். கச்சான் பசை அனுப்பும் பிள்ளைகள், அதில் சைலிற்றோல் என்ற இனிப்பு இல்லை என்று பார்த்து அனுப்ப வேண்டும். மிகக் குறைந்த அளவே நாயைக் கொல்லும். பொம்மையில் இரண்டு பக்கமும் ஓட்டை இருக்க வேண்டும். ஒரே ஓட்டை உள்ள பந்துகளில் காற்று இழுபட்டு நாக்கு உள்ளே மாட்டிக்கொண்ட சம்பவங்கள் உண்டு.

பொம்மை இல்லாத வீட்டில் அகலமான சில்வர் கிண்ணத்தில் இதே கலவையை உறையவைத்து வையுங்கள். பல் முளைக்கும் குட்டிக்குப் பழைய பருத்தித் துவாயை நனைத்து, இறுக முடிந்து, உறையவைத்து, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கொடுங்கள். நூல் பிரியத் தொடங்கினால் எறிந்துவிடுங்கள்.

வாய்க்குள் கை விடுமுன்

நாய் வாயைத் திறந்தபடி வீணீர் வடிக்கிறது, முன்னங்காலால் முகத்தைச் சுரண்டுகிறது, விழுங்க முடியவில்லை. எலும்பு சிக்கிவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். விசர் நோயின் ஒரு வகையும் இப்படித்தான் தொடங்கும். தாடை தொங்கி, குரல் மாறி, எலும்பு சிக்கியதுபோலவே தோன்றும். எலும்பு எடுக்க விரலை விட்டு விசர் நாயின் வீணீரில் கை நனைப்பது உலகம் முழுக்க வைத்தியர்கள் பயப்படும் தவறு. தடுப்பூசி போடாத நாய், தெரியாத நாய், இரண்டு மூன்று நாளாகக் குணம் மாறிய நாய் என்றால் கையை விடவே வேண்டாம். ஏற்கெனவே கீறலோ கடியோ பட்டிருந்தால், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே யாழ். போதனா வைத்தியசாலைக்குப் போங்கள்.

தடுப்பூசி போட்ட உங்கள் சொந்த நாய்க்கு உங்கள் கண் முன்னாலேயே எலும்பு சிக்கியிருந்தாலும், வேகமாக வாயைப் பிளக்காதீர்கள். நோவில் எந்த நாயும் கடிக்கும். மூச்சு விடுகிறதென்றால் வாகனத்தில் ஏற்றுங்கள். மிருக வைத்தியரின் தொலைபேசி இலக்கத்தைச் சுவரில் எழுதி வைத்திருக்கும் வீடுகளே இந்த நேரத்தில் கெட்டிக்கார வீடுகள். நிலைமை மிகச் சிக்கலாகிப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பினால், வீட்டு வாசலால் போகும் அதே கண்டி வீதியில் 300 கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டும்.

கடைசியாகப் பொதி கட்டும் பிள்ளைகளுக்கும், மதில் வைத்த வீட்டுக்காரருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளே, அடுத்த முறை கடிகுச்சிப் பக்கற்றுகளை விட்டுவிட்டு, நாயின் நிறையைக் கேட்டு அதற்கேற்ற அளவில் இரண்டு இறப்பர் பொம்மை அனுப்புங்கள். ஒன்று உறையும்போது மற்றது வாயில் இருக்கும். ஊரில் இருப்பவர்களே, ஞாயிற்றுக்கிழமை எலும்பை மதிலுக்கு மேலால் ஒழுங்கைக்கு எறியாதீர்கள். உங்கள் நாய்க்குக் கூடாத எலும்பு ஒழுங்கை நாய்க்கும் கூடாது. வாழையடியில் முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்து, மேலே ஒரு கல்லையும் வையுங்கள்.